எடுக்காத ரீடிங்

இயர்போனின் கேபிளை மாற்றினால் ஒலி மாறும் என்று பல வருடம் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை, கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். வெள்ளிக் கம்பி போட்டால் மேல் ஸ்தாயி பளிச்சென்று திறந்துகொள்ளும், செம்பு போட்டால் குரலுக்குக் கனம் வரும் என்று அடித்துப் பேசினேன். நான் கோவைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் பாடம் நடத்துகிறவன். மின்தடையை எப்படி அளப்பது என்று சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன். அதற்கான கருவிகள் என் லேபில், என் பொறுப்பில் இருந்தன. அந்தக் கேபிளை ஒரு நாள்கூட நான் அளந்து பார்க்கவில்லை.

பிறகு அளந்தேன். உண்மை தெரிந்தது. தெரிந்த பிறகும், என் பேச்சை நம்பிக் காசைச் செலவழித்த ஒரு பையனிடம் அதைச் சொல்லாமல் மாதக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை எழுதுவது அதற்காகத்தான்.

எனக்குக் கர்நாடக சங்கீதத்தில் ஈடுபாடு. பாட வராது, ஆனால் விடாமல் கேட்பேன். பஸ்ஸில் போய்வரும் நேரம் முழுக்கக் காதில் கச்சேரிதான். கொஞ்சம் நல்லதாக இருக்கட்டுமே என்று 9,000 ரூபாய்க்கு ஓர் இயர்போன் வாங்கினேன். கேபிளைக் கழற்றி மாட்டும் வகை. ஒவ்வொரு பக்கமும் 0.78 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு பின். வயர் அறுந்தால் இயர்போனையே தூக்கிப் போட வேண்டாம் என்பதற்காக வந்த வசதி இது. கழற்றலாம் என்று ஆனதும், வேறொன்றை மாட்டிப் பார்த்தால் என்ன என்ற ஆசையும் சேர்ந்தே வந்துவிடுகிறது. அந்த ஆசையை வைத்து ஒரு பெரிய வியாபாரம் நடக்கிறது. 99.9999 சதவீதம் சுத்தமான செம்பு, ஜப்பானியப் பேராசிரியர் அட்சுமி ஓனோவின் வார்ப்பு முறையில் இழுத்த கம்பி, வெள்ளி முலாம் பூசிய செம்பு, சுத்த வெள்ளி, தங்கம் கலந்த வெள்ளி என்று விலை சில நூறில் தொடங்கி லட்சத்தைத் தாண்டிப் போகிறது.

நான் வாங்கியது வெள்ளி. 12,000 ரூபாய். இயர்போனைவிட அதன் வயர் விலை அதிகம் என்பது அன்றைக்கு எனக்கு உறுத்தவில்லை. கறுப்பு அட்டைப் பெட்டியைத் திறந்தால் உள்ளே வெல்வெட் துணி, அதன்மேல் சுருட்டிவைத்த கேபிள். எட்டு இழைகளைப் பின்னல்போலப் பின்னி, ஒளி ஊடுருவும் உறை போட்டிருந்தார்கள். உறைக்குள் மயிரிழைக் கம்பிகள் மின்னின. இடம் வலம் என்று பிரிகிற இடத்தில் கடைந்தெடுத்த ஒரு உலோகக் குமிழ். மறுமுனையில் தங்க முலாம் பூசிய, தடித்த 4.4 மில்லிமீட்டர் பிளக். இயர்போனோடு வந்த பழைய வயரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மெலிந்த கறுப்பு ரப்பர் வயர். அதில் நல்ல சத்தம் வந்ததே பெரிது என்று தோன்றியது.

அன்று ராத்திரி வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு புதுக் கேபிளை மாட்டிக் கேட்டேன். கச்சேரி தொடங்கும் முன் தம்புரா மட்டும் ஒலிக்கும் சில விநாடிகள். குதிரைக்கு மேல் தந்திக்கடியில் செருகிய ஜீவா நூலால் தந்தி குதிரையைத் தொட்டும் தொடாமலும் அதிர, ஒரே மீட்டலிலிருந்து பல உபசுரங்கள் கிளம்பும் அல்லவா, அவை தனித்தனியாகக் கேட்டன. மிருதங்கத்தின் வலந்தலைக்கும் இடந்தலைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. பாடகர் மூச்சிழுப்பது தெரிந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நான் கேட்டது நிஜம். அதை இன்றும் மறுக்க மாட்டேன். அதற்குக் காரணம் கம்பி என்று சொன்னதுதான் தப்பு.

அன்று நடந்ததை இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது. பழைய கேபிளுக்கு 3.5 மில்லிமீட்டர் பிளக். புதியது 4.4, பேலன்ஸ்டு வகை. அதை மாட்டுவதற்காக, டிஜிட்டல் பாட்டை இயர்போனுக்கான மின்சிக்னலாக மாற்றும் என் சின்ன டிஏசி பெட்டியில் அதுவரை தொடாத இன்னொரு துளைக்கு மாறினேன். இப்படிப்பட்ட பெட்டிகள் பலவற்றில் பேலன்ஸ்டு துளையில் கிட்டத்தட்ட இருமடங்கு மின்னழுத்தம் வரும். இருமடங்கு என்றால் 6 டெசிபல் கூடுதல். சத்தம் கூடியிருக்கிறது என்று புரிந்து வால்யூமைக் குறைத்தேன், ஆனால் காது குத்துமதிப்பாகச் சொன்ன அளவுக்குத்தான் குறைத்தேன். ஒரு டெசிபல் மிச்சம் நின்றிருந்தால்கூடப் போதும். நம் காதுக்கு லேசாகக் கூடிய சத்தம், கூடிய சத்தமாகத் தெரியாது. தெளிவாக, அகலமாக, உயிரோட்டமாகத் தெரியும். அதனால்தான் இரண்டு கருவிகளை ஒப்பிடுகிறவர்கள் முதலில் 0.1 டெசிபலுக்குள் இரண்டையும் சமப்படுத்திவிட்டு, அதற்கப்புறம்தான் காதில் வைப்பார்கள். இரண்டு விஷயத்தை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, விளைவுக்கு ஒன்றைக் காரணம் காட்டினால் என் வகுப்பில் எந்தப் பையனுக்கும் மார்க் கிடையாது.

இன்னொன்று, கேபிளை மாற்ற இயர்போனைக் காதிலிருந்து எடுத்து மறுபடி வைத்தேன். சிலிக்கான் முனை முதல் தடவைபோலவே காதுத் துவாரத்தில் உட்காராது. ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனாலும் 8,000 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும் மேடு நகர்ந்துவிடும். சரியாக அடைக்காமல் இடுக்கு விழுந்தால் பேஸ் பத்து டெசிபலுக்கு மேல்கூட விழும். எந்த உலோகத்தாலும் செய்ய முடியாத மாற்றம் இது.

எல்லாவற்றுக்கும் மேலாக, நான் அந்தக் கேபிளைக் கண்ணால் பார்த்தேன். அதன் விலையும் எனக்குத் தெரியும். ஒலி ஆய்வாளர்களான ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் ஹார்மன் நிறுவனத்தில் 40 பேரை உட்கார வைத்து ஒலிபெருக்கிகளைக் கேட்கச் செய்தார்கள். திரை போட்டு மறைத்தபோது கொடுத்த மதிப்பெண் ஒன்று, திரையை விலக்கியபோது அதே ஆட்கள் அதே பெட்டிகளுக்குக் கொடுத்த மதிப்பெண் வேறு. பெரிதாக, விலையுயர்ந்ததாகத் தெரிந்த பெட்டிக்கு மதிப்பு ஏறியது. சின்னப் பெட்டிக்கு இறங்கியது. கேட்டுப் பழகியவர்களும் இதற்குத் தப்பவில்லை. 2008-இல் ஹில்கே பிளாஸ்மன் குழு ஒயினை வைத்து இன்னொன்று செய்தது. ஒரே ஒயினை 10 டாலர் என்று சொல்லி ஒரு தடவை, 90 டாலர் என்று சொல்லி ஒரு தடவை கொடுத்து, குடிக்கும்போதே மூளையை ஸ்கேன் செய்தார்கள். விலை கூடுதல் என்று நம்பியபோது ருசி கூடுதல் என்று சொன்னார்கள். மூளையில் இன்பத்தை உணரும் பகுதியும் கூடுதலாக வேலை செய்தது. அவர்கள் நடிக்கவில்லை. நானும் அந்த ராத்திரி நடிக்கவில்லை.

இந்த ஆய்வுகளையெல்லாம் நான் பிற்பாடு படித்தேன். படித்து ஆறுதல் பட்டுக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனித இயல்பு, யாருக்கும் நடக்கும் என்று. அனுபவம் மனித இயல்புதான். ஆனால் அதை வைத்து இன்னொருவனுக்குச் சிபாரிசு செய்தது நானாகச் செய்த காரியம்.

அந்தப் பையன் என்னிடம் டிப்ளமா படித்தவன். இப்போது காந்திபுரத்தில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் வேலை. கையில் நல்ல தொழில். படிக்கும் காலத்திலேயே பாட்டென்றால் உயிர். ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது, 16 ஓம் இயர்போன் ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறேன், சத்தம் இன்னும் நன்றாக வர என்ன செய்யலாம் என்று கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. கேபிளை மாற்று, வெள்ளி போடு என்றேன். எது, எங்கே கிடைக்கும் என்பது வரை சொன்னேன்.

சில வாரம் கழித்துப் போன் செய்தான். கடை முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்கி 6,500 ரூபாய்க்கு வாங்கிவிட்டிருந்தான்.

"எப்படிப்பா இருக்கு?" என்றேன்.

"நல்லா இருக்குதுங்க சார்" என்று இழுத்தான். "ஆனா பழசுக்கும் இதுக்கும் எனக்கு ஒண்ணும் வித்தியாசம் புடிபடலீங்க. எனக்குத்தான் காது அந்தளவுக்கு இல்லியாட்ட இருக்குதுங்க."

அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். அவன் சொன்னது ஒரு ரீடிங். அவன் காது எடுத்த சரியான ரீடிங். எதிர்பார்த்த விடை வரவில்லை என்றதும் நான் கருவியைக் குறை சொன்னேன். "காது பழகணும்ப்பா. ஒரு நூறு மணி நேரம் ஓடட்டும், கம்பி செட் ஆகும். கச்சேரி நெறையக் கேளு, தானா தெரியும்." செம்புக்கோ வெள்ளிக்கோ பாட்டு ஓடி ஓடிக் குணம் மாறுவதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நூறு மணி நேரம் என்ற வார்த்தை வாயிலிருந்து தடங்கல் இல்லாமல் வந்தது.

நான் கேபிளை அளக்க நேர்ந்தது என் நேர்மையால் இல்லை. இரண்டாம் வருட மாணவர்களுக்கு கெல்வின் இரட்டைப் பாலம் செய்முறை. ஒரு ஓமுக்கும் குறைந்த மின்தடையை அளக்கும் பாலம் அது. சாதாரண மல்டிமீட்டரை வைத்து இவ்வளவு சின்ன அளவை எடுக்க முடியாது, மீட்டரின் சொந்த ஒயர்களே 0.2, 0.3 ஓம் காட்டிவிடும். பாலத்தில் மின்னோட்டம் போகும் வழியும் மின்னழுத்தம் பார்க்கும் வழியும் தனித்தனி என்பதால் அந்தப் பிழை கழிந்துபோகும். அன்றைக்கு அளப்பதற்கு வைத்திருந்த கம்பித் துண்டுகள் பக்கத்து பேட்ச்சிடம் இருந்தன. ஒரு மாணவி என் மேஜைமேல் கிடந்த வெள்ளிக் கேபிளைக் காட்டி, "சார், இதை வெச்சுப் பாக்கலாமுங்களா?" என்றாள். மறுக்க ஒரு காரணமும் இல்லை.

பிளக்கின் ஒரு வளையத்திலிருந்து இடது பக்கப் பின் வரை ஒரு கம்பிக்கு 0.1 ஓம். போக வர 0.2. அவள் ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டு, "பழைய வயரு இருந்தா கம்பேர் பண்ணிப் பாக்கலாங்க சார்" என்றாள். மறுநாள் எடுத்துவந்தேன். ஆனால் அவளிடம் தரவில்லை. எல்லாரும் போன பிறகு தனியாக அளந்தேன். ஒரு கம்பிக்கு 0.3, போக வர 0.6 ஓம்.

மீதி வெறும் கணக்கு. என் இயர்போனுக்கு ஒரே டைனமிக் டிரைவர், 32 ஓம். பெட்டியிலிருந்து வரும் மின்னழுத்தத்தைக் கேபிளும் டிரைவரும் தங்கள் மின்தடையின் விகிதத்தில் பங்குபோட்டுக்கொள்கின்றன. பழைய கேபிள் தின்றது 0.16 டெசிபல். புதியது தின்றது 0.05. வித்தியாசம் 0.1 டெசிபலை ஒட்டி. கவனமாகக் கேட்டால் ஒரு டெசிபல் மாற்றத்தை நாம் கண்டுகொள்ளலாம், பயிற்சி இருந்தால் அதைவிடக் கொஞ்சம் குறைவானதையும். இது அதில் பத்தில் ஒரு பங்கு. அதுவும் பேஸ், ட்ரெபிள் என்று பார்க்காமல் எல்லா அதிர்வெண்ணிலும் ஏறத்தாழ ஒரே அளவில் கூடுகிறது. டைனமிக் டிரைவர்களின் இம்பீடன்ஸ், அதாவது அதிர்வெண்ணைப் பொறுத்த மின்தடை, பெரும்பாலும் அதிகம் ஏறி இறங்காது. வால்யூமைக் கண்ணுக்குத் தெரியாத அளவு திருகியதற்குச் சமம். அதற்கு நான் கொடுத்தது 12,000.

அந்த 0.1 டெசிபலுக்கும் வெள்ளி பொறுப்பில்லை. 20 டிகிரி வெப்பத்தில் செம்பின் தன்மின்தடை 1.68, வெள்ளியுடையது 1.59, பத்தின் மைனஸ் எட்டாம் அடுக்கு ஓம் மீட்டர் கணக்கில். சுமார் 6 சதவீத வித்தியாசம். அதே தடிமனில் செம்பு போட்டிருந்தால் 0.2 என்பது 0.21 ஆகியிருக்கும், அவ்வளவுதான். மின்தடை இறங்கியதற்குக் காரணம் கம்பி தடித்திருந்தது. தடித்த செம்புக் கம்பி நல்ல பிளக்கோடு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். மேல் ஸ்தாயி திறப்பதற்குக் காரணமாக நான் அளந்துவிட்ட ஸ்கின் எஃபெக்ட் கதையையும், அதாவது அதிர்வெண் கூடினால் மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்புக்கு ஒதுங்கும் என்பதையும், அன்று கணக்குப் போட்டேன். 20,000 ஹெர்ட்ஸில் செம்பில் மின்னோட்டம் இறங்கும் ஆழம் சுமார் 0.46 மில்லிமீட்டர். இயர்போன் கேபிளின் ஒவ்வொரு மயிரிழையும் 0.1 மில்லிமீட்டருக்கும் மெல்லியது. மின்னோட்டம் ஒதுங்குவதற்கு அங்கே இடமே இல்லை. கேபிளின் இண்டக்டன்ஸ் ஒரு மைக்ரோஹென்றி என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 32 ஓமோடு சேர்ந்து அது குறுக்கிடத் தொடங்குவது 5 மெகாஹெர்ட்ஸ் பக்கம். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாது.

கணக்கை நம்பாமல் ஒலியையும் அளந்தேன். இசிஇ டிபார்ட்மெண்ட் நண்பரிடம் செயற்கைக் காதுபோல ஒரு கப்ளரும் அதற்குள் மைக்கும் இருந்தன. இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளில் இரண்டு கேபிளுக்கும் கோடு வரைந்தோம். இயர்போனை அசைக்காமல் கேபிளை மட்டும் மாற்றி, பேலன்ஸ்டு பிளக்குக்கு அடாப்டர் போட்டு ஒரே துளையில் செருகினோம். ஒரு கோட்டின்மேல் இன்னொரு கோடு படிந்துவிட்டது. திரையைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் இரண்டு நிறம் தெரிந்தது. பிறகு ஒரே கேபிளை வைத்துக்கொண்டு இயர்போனை எடுத்து மறுபடி செருகினோம். கோடு விலகியது, கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவுக்கு. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கடைசியாகக் காது. எது எந்தக் கேபிள் என்று எனக்குத் தெரியாதபடி அவர் மாற்றிக் கொடுக்க, நான் கேட்டுச் சொல்ல வேண்டும். 16 தடவை கேட்டால் 12 சரியாக வர வேண்டும். அப்போதுதான் குருட்டு அதிர்ஷ்டத்துக்கு 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பு என்று சொல்லலாம். எனக்குக் காசைச் சுண்டிப் போட்டது மாதிரிதான் வந்தது. வெள்ளி என்று நெஞ்சில் அடித்துச் சொன்னது பல தடவை அந்தக் கறுப்பு ரப்பர் வயராக இருந்தது. சோதனைக்கும் அதே தம்புராவைத்தான் போட்டேன். உபசுரங்கள் இரண்டிலும் தனித்தனியாகக் கேட்டன. அவை எப்போதும் அங்கேயே இருந்திருக்கின்றன. முதல் நாள் ராத்திரி நான் அவற்றை உட்கார்ந்து கவனித்தேன். அதற்கு முன் பஸ்ஸில் கேட்டபோது கவனிக்கவில்லை.

இவ்வளவும் தெரிந்த அன்று அந்தப் பையனுக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அதற்கு எனக்கு நானே ஒரு சமாதானம் தேடி வைத்துக்கொண்டேன். அந்தச் சமாதானத்தில் உண்மையும் உண்டு, அதனால்தான் அது ஆபத்தானது.

கேபிளால் ஒலி மாறவே மாறாது என்று சொல்ல முடியாது. பேலன்ஸ்டு ஆர்மேச்சர் எனும் சின்னஞ்சிறு டிரைவர்களை நான்கு, ஐந்து என்று அடுக்கிச் செய்யும் இயர்போன்கள் இருக்கின்றன. அவற்றின் இம்பீடன்ஸ் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் தாறுமாறாக ஏறி இறங்கும். ஓர் இடத்தில் 5 ஓம், இன்னோர் இடத்தில் 30 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 1 ஓம் உள்ள மெலிந்த கேபிளைப் போட்டால், 5 ஓம் இருக்கும் அதிர்வெண்ணில் 1.6 டெசிபல் இழக்கிறோம், 30 ஓம் இருக்கும் இடத்தில் வெறும் 0.3. கேபிளை 0.2 ஓமுக்கு மாற்றினால் இழப்பு முறையே 0.3, 0.06. அதாவது ஒலியின் ஒரு பகுதி இன்னொரு பகுதியைவிட ஏறத்தாழ 1 டெசிபல் கூடுதலாக எழும்பும். அது மைக்கிலும் தெரியும், கவனமான காதுக்கும் தெரியும். மூன்று கம்பி மட்டும் ஓடி, இடத்துக்கும் வலத்துக்கும் திரும்பி வரும் வழி ஒன்றாக இருக்கும் கேபிளில் ஒரு பக்கத்து ஒலி மறுபக்கம் லேசாகக் கசியும், அதையும் அளக்கலாம். ஆக, அளக்கக்கூடிய வித்தியாசம் சில இயர்போனில், சில கேபிளில் உண்டு. காரணம் மின்தடைதான், உலோகத்தின் பெயரோ பின்னலோ கிடையாது. மாறிய ஒலி நல்ல ஒலியா என்பதும் வேறு கேள்வி. அதே மாற்றத்தைப் போனில் இருக்கும் ஈக்வலைசரில் காசில்லாமல் செய்துவிடலாம்.

இந்த விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டு, நான் சொன்னது முழுப் பொய் இல்லையே என்று இருந்துவிட்டேன். அவனுடையது ஒரே டைனமிக் டிரைவர், 16 ஓம் என்பது எனக்குத் தெரியும். பழைய கேபிள் என்னுடையதைப் போல இருந்திருந்தால் அவனுக்குக் கிடைத்திருக்கக்கூடியது 0.2 டெசிபல், எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே மாதிரி. வித்தியாசம் புடிபடவில்லை என்று அவன் சொன்னது முழுக்கச் சரி.

நடுவில் ஒரு தடவை அவனை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அளந்து முடித்திருந்த சமயம். பேச்சுவாக்கில் சொன்னான்: "தெனம் ராத்திரி ரெண்டு வயரையும் மாத்தி மாத்திக் கேக்கறேனுங்க சார். இன்னும் வரலீங்க. காதுல அழுக்கு இருக்குமோன்னு ஆஸ்பத்திரில போய்க் கழுவிட்டுகூட வந்தேனுங்க." வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான். தன்னிடம் ஒரு குறை இருக்கிறது, சாரிடம் ஒப்புக்கொள்கிறோம் என்கிற வெட்கம். நான் தலையாட்டினேன். "பாத்துக்கலாம்ப்பா" என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அந்தத் தலையாட்டலை என்னால் மன்னிக்க முடியவில்லை. லேபில் பாலத்தைத் தொடாமலேயே பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதுகிற மாணவர்களை நான் வரிசையாக நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். எடுக்காத ரீடிங்கை எழுதுவது திருட்டு என்பது என் வாக்கியம். என்னிடம் படித்த எல்லாருக்கும் தெரியும். நான் எடுக்காத ரீடிங்கைச் சொன்னேன். பிறகு எடுத்த ரீடிங்கை மறைத்தேன். எதற்காக என்று கேட்டுக்கொண்டால், கிடைக்கும் பதில் சின்னதாக இருக்கிறது. ஒலி விஷயத்தில் சாருக்குத் தெரியாதது இல்லை என்று நாலு பேர் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. அதை இழக்க மனசு வரவில்லை. அதற்கு விலையாக ஒரு பையன் தன் காதைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தான்.

போன மாதம் கடைக்கே போனேன். மைக்ராஸ்கோப்புக்கு அடியில் ஒரு போன் போர்டை வைத்து ஹாட் ஏர் அடித்துக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான். வெளியே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், பழைய கேபிள் எத்தனை ஓம், புதியது எத்தனை, அவன் இயர்போனுக்குக் கணக்கு எவ்வளவு, கண்ணை மூடிக் கேட்டபோது எனக்கு என்ன ஆனது என்று ஒன்று விடாமல் சொன்னேன். கம்பி செட் ஆகும் என்றது பொய் என்றேன். பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது எனக்கு எல்லாம் தெரியும் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: "அப்போ என் காது நல்லாத்தான் இருக்குதுங்களா சார்?"

"நல்லா இருக்குப்பா. நீ சரியாத்தான் கேட்டிருக்க. எனக்குத்தான் தப்பாக் கேட்டுச்சு."

6,500 ரூபாயைக் கவரில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். வாங்கிக்கொள்ள மறுத்தான். "வயரு நல்ல வயருதானுங்க சார். சட்டையில ஒரசுனா பழசு மாதிரி காதுக்குள்ள கரகரன்னு சத்தம் வர்றதில்லீங்க, சிக்கும் விழுகறதில்லீங்க" என்றான். உண்மைதான். உராய்வுச் சத்தம் குறைவது, கனம் குறைவது, பின் லூஸ் ஆகாமல் இருப்பது, வியர்வை பட்டு உள்ளே செம்பு பச்சை பிடிக்காமல் இருப்பது இதெல்லாம் கேபிளுக்குக் கேபிள் நிஜமாகவே மாறும். அதற்காக ஒருவர் காசு செலவழித்தால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் அவன் அதற்காக வாங்கவில்லை. என் வார்த்தைக்காக வாங்கினான். கவரை அவன் டீ கிளாஸ் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் ஜிபேயில் முழுப் பணமும் எனக்குத் திரும்ப வந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஏன் சார் சொல்லலீங்க என்று டீக்கடையில் கேட்டிருந்தான். மேலே எழுதிய அந்தச் சின்னப் பதிலைத்தான் அவனிடமும் சொன்னேன். அவன் அதை ஏற்றுக்கொண்டானா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

நான் கேபிள் சிபாரிசு செய்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லி வருகிறேன். சிலர் சரி விடுங்க சார் என்றார்கள். ஒருவருக்குக் கோபம். அவரிடம் ஆர்மேச்சர் இயர்போன் எதுவும் இல்லை. என்னுடையதைப் போல ஒற்றை டிரைவர்தான். தனக்கு வித்தியாசம் கேட்கிறது, அளந்தால் எல்லாம் தெரிந்துவிடுமா என்று சண்டை போட்டார். சில வருடம் முன்பு நானே பேசிய பேச்சு அது, வார்த்தைகூட மாறவில்லை. இவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான். அவரோடு வாதம் செய்யவில்லை. வருகிற சனிக்கிழமை லேப் காலியாக இருக்கும், இரண்டு கேபிளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், நண்பர் மாற்றிக் கொடுப்பார், நீங்களே கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.